கடலூர் வெயிலில் ஃபின்ச்சுக்கு முளைகட்டுவது

ஃபின்ச் என்ற சின்னத் தானியக் குருவியைக் கூண்டில் வளர்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் முளைகட்டிய தினை பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. அதைக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் குஞ்சுகள் நன்றாகத் தேறின என்பார் ஒருவர். அதைக் கொடுத்துத்தான் பாதிக் கூண்டு காலியானது என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதையும் நான் நம்புகிறேன், ஏனென்றால் தானியம் ஒன்றாகவே இருந்தாலும் அது ஊறிய நேரமும், இருந்த சூடும், கூண்டில் கிடந்த மணிக்கணக்கும் வீட்டுக்கு வீடு மாறும். நான் இருப்பது கடலூர் புதுப்பாளையம். மாடி அறையில் ஜீப்ரா ஃபின்ச், பெங்காலீஸ் என்ற இரண்டு வகை ஃபின்ச்சும் வளர்க்கிறேன். மே மாதத்தில் இங்கே ராத்திரி பத்து மணிக்குக்கூட சமையலறை முப்பது டிகிரிக்குக் கீழே இறங்காது, ஐப்பசி கார்த்திகையில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரமாகவே இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் ஊறவை, இரண்டு மூன்று நாள் முளைக்க விடு என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதி வைத்திருப்பதை அப்படியே இங்கே செய்தால், பறவைக்கு நாம் கொடுப்பது புளித்துப்போன தானியம். அதனால் நம் கடற்கரை ஊர்களுக்கு எது சரிப்படும் என்பதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், எதற்காக இந்த வேலை? காய்ந்த தினையைப் போட்டுவிட்டு இருந்தால் போதாதா என்று கேட்டால், சும்மா இருக்கும் ஜோடிக்குக் கிட்டத்தட்ட போதும்தான், கொஞ்சம் கீரையும் கடல்நுரை என்கிற கணவாய் ஓடும் சேர்த்துக் கொடுத்தால். குஞ்சு பொரிக்கும் ஜோடிக்குத்தான் போதாது. பெண்ணையாற்றுக் கரையிலோ வயல் வரப்பிலோ சில்லைகளை, அதாவது முனியா என்கிற சிறு குருவிகளை, பார்த்திருப்பீர்கள். நெல் பால் பிடிக்கிற சமயமாகப் பார்த்துக் கூட்டமாக இறங்கும், அந்தப் பால் மணியை நசுக்கி நசுக்கித் தின்னும். ஜீப்ரா ஃபின்ச்சின் சொந்த ஊரான ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலும் இதே கதைதான். மழை பெய்து புல் கதிர்விடும் காலத்தை ஒட்டித்தான் அது அங்கே கூடு கட்டும், குஞ்சுக்குப் பெரும்பாலும் பாதி முற்றிய புல்விதையைத்தான் ஊட்டும். பொரிந்து வெளியே வரும் குஞ்சு ஒரு கிராம்கூட இருக்காது, மூன்று வாரத்துக்குள் கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். அந்த வேகத்தில் வளர்கிற உடம்புக்குக் கல் மாதிரி காய்ந்த விதையை மட்டும் தாய் தன் தீனிப்பையில் ஊறவைத்து ஊறவைத்துக் கக்கி ஊட்டுவது பெரும்பாடு. கடலூரில் நாம் தினம் பால் பிடித்த கதிருக்கு எங்கே போவது? அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது முளைவிட ஆரம்பித்த விதை.

(சில்லை பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாயம் பூசிப் புது இனம் என்று விற்றாலும் வாங்காதீர்கள். பெங்காலீஸின் முன்னோர் வெண்முதுகுச் சில்லைதான் என்றாலும், அது ஜப்பானில் பல தலைமுறையாகக் கூண்டிலேயே வளர்த்து உருவான வளர்ப்புப் பறவை. அதை வளர்க்கலாம்.)

விதை தண்ணீரைக் குடித்ததும் உள்ளே நொதிகள் விழித்துக்கொள்ளும். அமைலேஸ் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும், புரதமும் சிறு சிறு துண்டுகளாகும், இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போட்டு வைத்திருந்த பைட்டிக் அமிலம் குறையும். மணி மிருதுவாகி உமி சுலபமாகக் கழன்றுகொள்ளும். குஞ்சுக்கு ஊட்டும் தாய்க்கு இதைவிடத் தோதான தீனி கிடையாது. ஆனால் அதே சர்க்கரையும் அதே ஈரமும் அதே சூடும் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் விருந்து. முளைக்க வைக்கிற சூழலும் கிருமி பெருகுகிற சூழலும் வேறு வேறு கிடையாது, இரண்டும் ஒன்றுதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடியோடு தடுக்க முடியாது. நம்மால் முடிந்தது முளை முந்திக்கொள்ளும்படி செய்வது, கிருமி பெருகும் முன் தீனியைக் கொடுத்து முடிப்பது.

எங்கள் அத்தை கேழ்வரகை முளைகட்டும்போது ஊறவைத்து, வெள்ளை வேட்டித் துணியில் இறுக்கி மூட்டை கட்டி, ஒரு பாத்திரத்தில் வைத்து மூடிவிடுவார். இரண்டாம் நாள் பார்த்தால் மூட்டை உள்ளே கதகதவென்று இருக்கும், முளை துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும். பறவைக்கு இப்படிக் கட்டக் கூடாது என்று நான் சொன்னதும், "நானும் இத்தனை வருஷமா இப்படித்தானே கட்டறேன், யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அத்தை அந்தக் கேழ்வரகை வெயிலில் காயவைத்து, வறுத்து, அரைத்து, கஞ்சி காய்ச்சிக் குடிக்கக் கொடுக்கிறார். பயறு முளைகட்டினால் சுண்டலாக வேகவைக்கிறார். நெருப்பு கடைசியில் வந்து பெரும்பாலான கிருமிகளை அழித்துவிடுகிறது. பறவைக்கு நாம் பச்சையாக அப்படியே வைக்கிறோம். அதுவும் பன்னிரண்டு பதினைந்து கிராம் எடையுள்ள உயிருக்கு. நமக்கு லேசான வயிற்று வலியோடு போகிற விஷயம் அதற்கு ஒரு ராத்திரியில் முடிந்துவிடும்.

மனிதர்கள் விஷயத்திலேயே பச்சை முளை எவ்வளவு விபரீதமாகப் போகும் என்பதற்கு 2011இல் ஜெர்மனியில் நடந்ததைப் பார்க்கலாம். ஈ கோலை பாக்டீரியாவின் கொடிய வகை ஒன்று பரவி, மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் நோயில் விழுந்தார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆரம்பத்தில் வெள்ளரிக்காய் மேல் பழி போட்டார்கள், கடைசியில் விசாரணை வந்து நின்ற இடம் முளைகட்டிய வெந்தயம். எகிப்திலிருந்து வந்த விதையோடு கிருமி வந்திருக்கும் என்பதுதான் முடிவு. முளைகட்டின இடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விதையோடு கிருமி வந்துவிட்டால் அது முளையோடு சேர்ந்து பெருகும். ஆகவே கவனம் விதை வாங்கும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

சிறுதானியக் கடையில் அழகாகப் பாக்கெட் போட்டு விற்கிற தினை, சாமை, குதிரைவாலி, பனிவரகு எல்லாம் சோறு சமைக்கிற அரிசி. உமி நீக்கியது. உமி நீக்கும்போது முளைப் பகுதி அடிபட்டிருக்கும், பாலிஷ் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். அதை ஊறவைத்தால் முளைக்காது, அழுகும். நமக்கு வேண்டியது உமியோடு இருக்கிற முழுத் தினை. பறவைத் தீனிக் கடையில் லவ் பேர்ட்ஸ் தினை என்று கேட்டால் கிடைக்கும், இல்லாவிட்டால் விளைவிக்கிறவரிடம் நேரடியாக வாங்கலாம், அதுதான் எனக்குப் பிடித்த வழி. கம்புக்கும் கேழ்வரகுக்கும் இந்த உமிப் பிரச்சினை இல்லை, மளிகைக் கடைக் கம்பே நன்றாக முளைக்கும், குத்தாத கம்பாக இருந்தால் சரி.

விதைப்பதற்கென்று விற்கிற விதையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். வேளாண் கடைகளில் ரோஸ் நிறத்திலோ நீல நிறத்திலோ சாயம் ஏறின விதைகளைப் பார்த்திருப்பீர்கள். தைரம், கார்பென்டாசிம் போன்ற பூஞ்சைக்கொல்லி தடவினது என்பதற்கு அடையாளம் அந்த நிறம். ஒரு கடையில் "நல்லா ரெண்டு தடவை கழுவிட்டுக் கொடுங்க மேடம், ஒண்ணும் ஆகாது" என்று சொன்னார்கள். கழுவினால் நிறம் போகும், ஊறவைக்கும்போது மருந்து மணிக்குள் போயிருக்கும். இது பறவைக்கு நேரடியாக விஷம் வைப்பது, இதில் சமரசமே கிடையாது.

சோளம் வேண்டாம். காய்ந்த சோளம் தீனியில் கலந்திருந்தால் பரவாயில்லை, முளைகட்டக் கூடாது. முளைவிடும் சோளத்தில் துரின் என்ற பொருள் சேரும், தின்றதும் அதிலிருந்து சயனைடு வெளிப்படும். இளஞ்சோளப் பயிரில் மாட்டை விடாதே என்று விவசாயிகள் சொல்வது இதனால்தான். ராஜ்மா, மொச்சை போன்ற பெரிய பருப்புகளும் பச்சையாக வேண்டாம். பச்சைப்பயறு முளை நல்லது, ஆனால் ஃபின்ச் அலகுக்குப் பெரிது. பொடியாக நறுக்கினால் தின்னும், நறுக்கினால் இன்னும் சீக்கிரம் கெடும் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

வரகு பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்திலேயே விளைவது, சுலபமாகக் கிடைப்பது. 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தில் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் பத்து யானைகள் செத்தன. பூஞ்சை பிடித்த வரகுப் பயிரை ஏராளமாகத் தின்றிருந்தன, பரிசோதனையில் சைக்ளோபியாசோனிக் அமிலம் என்ற பூஞ்சை விஷம் தெரிந்தது. கிறுக்கு வரகு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள், சாப்பிட்டால் தலை சுற்றும், நடை தள்ளாடும் என்பார்கள். அறுவடைச் சமயத்தில் மழை பிடித்த வரகில் இந்தப் பூஞ்சை வரும். எல்லா வரகும் கெட்டது என்று நான் சொல்லவில்லை, வீட்டில் நாங்களும் வரகரிசிச் சோறு சாப்பிடுகிறோம். ஆனால் பூஞ்சை விஷம் கண்ணுக்குத் தெரியாது, கழுவினால் போகாது, யானையைச் சாய்த்தது ஃபின்ச்சை என்ன செய்யும் என்று யோசித்தால் எனக்கு மனசு வருவதில்லை. மக்கல் வாடை அடிக்கிற, கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிற எந்தத் தானியத்துக்கும் இதே நியாயம்தான். மழைக்காலத்தில் மொத்தமாக வாங்கி மூட்டையில் வைக்காதீர்கள், ஒரு மாதத்துக்குத் தேவையானதை வாங்கி வெயிலில் ஒரு தடவை காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

புது விதை வாங்கியதும் ஊறவைக்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவது இதைத்தான், எனக்கோ எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். நூறு மணியை எண்ணி ஈரத்துணியில் பரப்பி, தட்டில் வைத்து மூடி, காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் எத்தனை முளைத்தது என்று தெரிந்துவிடும். எண்பத்தைந்துக்குக் குறைந்தால் அந்தத் தானியத்தை முளைகட்டவே வேண்டாம், காய்ந்த தீனியாக மட்டும் போடலாம். காரணம் இதுதான்: உயிருள்ள விதை தன்னிடம் உள்ள சத்தைத் தானே செலவழித்து வளரும். செத்த விதை அதே ஈரத்தில் சும்மா கிடந்து ஊறி உடைந்து கிருமிக்குச் சோறாகும். முளைக்காத அந்த இருபது முப்பது மணிதான் மொத்த முளையையும் கெடுக்கிறது. கெட்டுப்போகும் முளையில் பாதி விதை வாங்கின அன்றே கெட்டதுதான்.

சரி, விதை தேறிவிட்டது. ஒரு ஜோடிக்கு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் காய்ந்த விதை ஊறவைத்தாலே ஏராளம். முதலில் தண்ணீரில் கொட்டிக் கிளறி, மிதக்கும் பதரையும் தூசியையும் கொட்டிவிட்டு, தெளிவாக வரும்வரை நான்கைந்து தடவை அலசுவேன். அதன் பிறகு பிளீச். வாசனையோ சோப்போ சேராத சாதாரணத் திரவ பிளீச், லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் நான்கு ஐந்து சதவீதம் என்று போட்டிருக்கும், அதில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன். விதையை அதில் பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்து எடுத்து, குளோரின் வாசனை துளியும் இல்லாமல் போகும்வரை ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். இது விதையின் மேல்தோலில் உள்ள கிருமியைக் குறைக்கும், அவ்வளவுதான். விரிசலுக்குள் ஒளிந்திருப்பதைத் தொடாது. அதனால் பிளீச் போட்டுவிட்டோம் என்று மற்றதில் அசட்டையாக இருக்கக் கூடாது. இந்த வேலையைக் கூண்டு இருக்கும் அறையில் செய்யாதீர்கள், பறவையின் நுரையீரலுக்கு அந்தப் புகை ஆகாது. அப்புறம், வினிகரையும் பிளீச்சையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும், அது நமக்கே ஆபத்து. மஞ்சள்தூள் போடலாமா, வேப்பிலை போடலாமா என்று கேட்கிறார்கள். அவற்றை நம்பி மற்ற வேலையைக் குறைத்துக்கொள்ள முடியாது என்பதால் நான் போடுவதில்லை.

தண்ணீரும் நம் ஊரில் ஒரு பிரச்சினை. கடலை ஒட்டின தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் விதை தாமதமாக முளைக்கும், பாதி முளைக்காது, தாமதம் என்றால் இந்த விஷயத்தில் கெடுதல் என்றே அர்த்தம். கொதிக்கவைத்து ஆறவைத்த குடிநீரை ஊறவைக்க உபயோகிக்கிறேன், அலசுவதற்கும் கடைசி அலசல் மட்டுமாவது அதில்தான். கொதிக்கவைப்பதால் உப்பு போகாது, கிருமிதான் போகும், ஆகவே முதலிலேயே உப்பில்லாத தண்ணீராக எடுக்க வேண்டும்.

ஊறவைக்கும் நேரம் வெயிலைப் பொறுத்தது. மார்கழி தை மாதங்களில் எட்டு மணி நேரம் ஊறலாம், அக்னி நட்சத்திரத்தில் ஐந்து ஆறு மணி நேரமே அதிகம், அதிலும் நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். ஊறின தண்ணீரில் நுரை வந்தால், புளித்த வாடை வந்தால் அங்கேயே நிறுத்திக் கொட்டிவிடுங்கள். ஊறினதும் துணியில் கட்டாமல், எவர்சில்வர் டீ வடிகட்டியில் மெல்லிசாகப் பரப்பி, கிண்ணத்தின் மேல் வைத்துவிடுகிறேன். துணி மூட்டையில் சூடு ஏறும், நடுவில் காற்று போகாது, துணியின் இழைக்குள் போன தடவையின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். வடிகட்டியில் காற்று மேலும் கீழும் போகும், கொதிநீரில் போட்டு எடுத்தால் சுத்தம். தண்ணீர் சொட்டிப்போய் ஈரம் மட்டும் இருக்க வேண்டும், குட்டையாகத் தேங்கி நிற்கக் கூடாது. மேலே ஒரு மெல்லிய வலை, எறும்புக்காகவும் கரப்பானுக்காகவும். பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலசி வடிக்க வேண்டும், கோடையில் இன்னும் அடிக்கடி. ராத்திரி அலசாமல் போகும் நேரத்தைக் குறைக்க, நான் காலை ஆறு மணிக்கு ஊறவைத்து மத்தியானம் வடிகட்டுகிறேன், சாயங்காலமும் படுக்கும் முன்னும் அலசுகிறேன், விடிந்ததும் பார்த்தால் தினையின் ஒரு முனையில் வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்க்கும். கம்பு அதற்கும் முன்னால் தயாராகிவிடும். வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் நேரத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம், நீண்ட இடைவெளி வராமல் இருந்தால் சரி.

அந்த வெள்ளைப் புள்ளிதான் நிறுத்த வேண்டிய இடம். ஒரு மில்லிமீட்டர், போனால் இரண்டு. வால் நீளமாக வளர்ந்து சுருண்டு, பார்க்க அழகாக இருக்கும் முளைதான் சத்தானது என்று நினைக்கிறார்கள். நொதி வேலை ஆரம்பித்து மணி மிருதுவானாலே பறவைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதற்கு மேல் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நம் ஊர்ச் சூட்டில் கிருமிக்குத்தான் லாபம். விதைகளைக் கலந்து முளைகட்டாதீர்கள் என்பதற்கும் இதுதான் காரணம், கம்பு தயாராகி வால் விட்டபோது பனிவரகு இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும்.

கொடுப்பதற்கு முன் மூக்குதான் அளவுகோல். நல்ல முளையில் இளம் புல் வாசனை லேசாக வரும், அல்லது எந்த வாசனையும் வராது. புளித்த மாவு வாடை, சாராய நெடி, ஈரத்துணி நாற்றம், விரலில் வழவழப்பு, இதில் எது இருந்தாலும் குப்பைக்குத்தான். சந்தேகமாக இருந்தாலும் குப்பைக்குத்தான். ஒரு ஸ்பூன் தினையின் விலை என்ன? வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருப்பதைப் பார்த்துப் பூஞ்சை என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அது பெரும்பாலும் வேர்த்தூவி. தண்ணீர் ஊற்றி அலசினால் படிந்து காணாமல் போய்விடும், எல்லா வேரிலும் ஒரே மாதிரி இருக்கும். பூஞ்சை அலசினாலும் போகாது, ஒரு மணியிலிருந்து இன்னொரு மணிக்கு நூல் போட்டுப் பிணைக்கும், சாம்பல் கறுப்புப் பச்சை என்று நிறம் காட்டும். அதைப் பார்த்தால் அந்த மணிகளை மட்டும் பொறுக்கி எடுப்பது உதவாது, மொத்தமும் போக வேண்டும்.

கடைசி அலசலுக்குப் பிறகு நன்றாக வடித்து, சுத்தமான துணியில் ஒற்றி எடுத்துப் பீங்கான் கிண்ணத்தில் வைப்பேன். உட்காரும் குச்சிக்கு நேர் கீழே வைத்தால் எச்சம் விழும், தள்ளி வையுங்கள். காலையில் பசியோடு இருக்கும்போது வைத்தால் குபுகுபுவென்று தின்னும். இரண்டு மணி நேரத்தில் கிண்ணத்தை வெளியே எடுத்துவிட வேண்டும், சித்திரை வைகாசியில் ஒரு மணி நேரத்தில். தரையில் சிந்தினதையும் சேர்த்து. மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டார், "அக்கா, காலைல வெச்சது பாதி மிச்சமிருக்கு, பிரிட்ஜ்ல வெச்சு சாயங்காலம் கொடுக்கலாமா?" கூடாது. கூண்டுக்குள் போய் வந்ததைத் திரும்ப வைக்கவே கூடாது. கூண்டுக்குப் போகாத சுத்தமான முளையை வேண்டுமானால் மூடிபோட்ட டப்பாவில் பிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம், எடுத்து மறுபடி அலசி முகர்ந்து பார்த்துக் கொடுக்கலாம். குளிர் கிருமியை மெதுவாக்கும், கொல்லாது. மிச்சம் வருகிறதென்றால் அளவு அதிகம் என்று அர்த்தம், நாளைக்குக் குறைத்து ஊறவையுங்கள்.

பழக்கமில்லாத பறவை முதல் நாள் தொடாது. காய்ந்த தினை மேல் கொஞ்சம் தூவி வைத்தால் தானாகப் பழகும். பெங்காலீஸ் சீக்கிரம் ஆரம்பிக்கும், அதைப் பார்த்து ஜீப்ராவும் வரும்.

குஞ்சு இருக்கும்போது தினமும் கொடுக்கிறேன். இல்லாதபோது வாரத்துக்கு இரண்டு நாள். தினமும் ஈரத்தீனி கிடைத்தால் நல்ல மழை பெய்து புல் வளர்ந்துவிட்டது என்றே அந்த உடம்பு எடுத்துக்கொள்ளும், பெட்டை ஓயாமல் முட்டையிடும், சுண்ணாம்புச் சத்து வற்றிப்போய் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். முளையில் கால்சியம் பெரிதாகக் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். அதற்குக் கடல்நுரை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், தேவனாம்பட்டினம் கடற்கரையில் சில நாள் சும்மாவே ஒதுங்கிக் கிடக்கும். கணவாயின் ஓடுதான் அது. பொறுக்கி வந்தால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துக் கூண்டில் கட்டுங்கள்.

புயல் மழைக் காலத்தில் முளைகட்டுவதை முழுசாக நிறுத்திவிடுவேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்த பிறகு கடலூரில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து பெண்ணையாறு ஊருக்குள் வந்தது. குடிநீரே சந்தேகமாக இருக்கிற நாளில், பிரிட்ஜ் ஓடாத நாளில், பறவைக்குப் பச்சை முளை வேண்டாம். காய்ந்த தினை, கொதித்து ஆறின தண்ணீர், கடல்நுரை. குஞ்சு இருந்தால் அவித்த முட்டையைப் பொடியாக மசித்து அவ்வப்போது கொஞ்சம், அதையும் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

தினம் கொடுத்த பிறகு பறவையைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். முடியை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பது, பகலிலேயே தூங்கிக்கொண்டிருப்பது, எச்சம் தண்ணீராகப் போய் பின்பக்கம் ஈரமாக ஒட்டியிருப்பது, இதெல்லாம் காத்திருந்து பார்க்கலாம் என்கிற ரகம் இல்லை. குஞ்சுகளின் கழுத்தோரம் தோல் வழியாகவே தீனிப்பையில் உள்ள விதை தெரியும். ராத்திரி நிறைந்திருந்தது காலையிலும் அப்படியே உப்பிக்கொண்டு நின்றால் உள்ளே புளிக்கிறது என்று அர்த்தம். உடனே முளையை நிறுத்தி, அந்தப் பறவையைத் தனியாகக் கதகதப்பான பெட்டியில் வைத்து, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நம் பக்கத்துக்குப் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம்தான். கடையில் மருந்து என்று கொடுக்கிற மஞ்சள் நிற ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கலந்து வைக்காதீர்கள். எந்தக் கிருமி என்று தெரியாமல், எவ்வளவு குடித்தது என்று தெரியாமல் கொடுக்கிற ஆன்டிபயாடிக் பறவைக்கும் நல்லதில்லை, வீட்டில் உள்ளவர்களுக்கும் நல்லதில்லை. சால்மோனெல்லா பறவையிலிருந்து மனிதருக்கும் வரும். முளைக்கென்று தனி வடிகட்டி, தனி கிண்ணம், கூண்டைத் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை கவனம் எடுக்க நேரமில்லை என்றால் முளைகட்டாமலே இருக்கலாம், அதில் பறவைக்கு எந்தக் குறையும் வைத்ததாக ஆகாது. அதற்குப் பதில் மாடியில் இரண்டு தொட்டி வையுங்கள். ஊறவைத்ததில் மிஞ்சின தினையை, கொஞ்சம் நீளமாக வால் விட்டதை, நாற்றம் வராமல் இருந்தால் குப்பையில் போடாமல் நான் மண்ணில் தூவிவிடுகிறேன். ஒரு வாரத்தில் புல் வரும், கத்தரித்து அலசிக் கூண்டில் கட்டலாம். வெட்டாமல் விட்டால் இரண்டு மாதத்தை ஒட்டிக் கதிர் வரும். மணியை நசுக்கினால் பால் வருகிற பதத்தில் காம்போடு வெட்டிக் கொடுங்கள். பூச்சிமருந்து அடிக்காத, எலி எட்டாத இடமாகப் பார்த்துத் தொட்டியை வைக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தொட்டி என்று விதைத்துக்கொண்டே போனால், ஐப்பசி மழையில் முளைகட்டுவதை நிறுத்துகிற நாட்களிலும் கூண்டுக்குப் பச்சைக் கதிர் கிடைக்கும்.